முதல் பரிசு: ஸ்கூட்டர்

அந்த வண்டி மட்டும் வந்து இறங்கிவிடட்டும். அதற்கப்புறம் இந்த ஜென்மத்தில் யாரிடமும் ஒரு குண்டூசிகூடக் கேட்க மாட்டேன். கேட்டுக் கேட்டு நாக்கு தேய்ந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கன்னம் இரண்டும் வலிக்கிறது. மணி ஒன்றரை. நாலு மணிக்கு வாசலைத் திறந்துவிடுவார்கள். சீட்டு வாங்கிய ஜனமெல்லாம் உள்ளே வந்ததும் முதலில் எதைத் தேடும்? சுவர்க் கடிகாரத்தையா தேடும்?

இப்படித் தனக்குள் பேசிக்கொண்டே அவள் பள்ளிக்கூடத்து வராந்தாவில் போட்டிருந்த நீள மேசையின்மேல் பிரஷர் குக்கரை மூன்றாவது தடவையாக இடம் மாற்றி வைத்தாள்.

"அண்ணி, அந்தக் குக்கர் என்ன பாவம் பண்ணுச்சு? வெச்ச இடத்துல இருக்க விடுங்களேன்" என்றாள் நாத்தனார். தையல் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு உதவிக்கு வந்திருந்தவள். உதவி பாதி, வாய் பாதி. "நாலு கடைக்காரங்களும் பேசி வெச்ச மாதிரி நாலு கடிகாரம் குடுத்திருக்காங்க பாருங்க. விக்காத சரக்குக்கு இன்னொரு பேரு தர்மம் போல."

"மெதுவாப் பேசு."

"இங்க யாருக்குக் கேக்கப் போகுது?" என்று சொல்லிவிட்டு நாத்தனாரே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் அது. பிள்ளைகளின் காதைச் சோதிப்பதற்கென்று அங்கே இருந்தது ஒரே ஒரு அறை. அதுவும் சாலையை ஒட்டிய பழைய சாமான் அறை. ஒலிபெருக்கியில் மெல்லிசாக ஒரு சத்தம் விட்டு, கேட்டால் கையைத் தூக்கு என்று பிள்ளையிடம் சைகையில் சொல்வார்கள். அதே நேரம் வெளியே பஸ் ஹாரன் அடிக்கும். பிள்ளை கை தூக்கியது இதற்கா அதற்கா என்று சோதிக்கிறவருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. சத்தம் புகாத ஓர் அறை கட்ட வேண்டும் என்று பெரிய டீச்சர் பதினொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் பெற்றோர்கள் கூடிக் குலுக்கல் நடத்துவது என்று முடிவானது. பரிசுப் பொருள் திரட்டும் வேலை இவள் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, இவள்தான் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முடியாது என்று சொல்லத் தெரியாத ஒருத்தி எந்தக் கூட்டத்திலும் இருப்பாள்; மற்றவர்கள் அவளைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மேசையில் குக்கர், ஆறு எவர்சில்வர் டம்ளர், மேசை விசிறி, இரண்டு குடை, போர்வைகள், நாலு கடிகாரம். சலூன்காரர் கொடுத்த ஒரு வருஷத்து முடிவெட்டுச் சீட்டு. பல் டாக்டர் தன் லெட்டர் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்: 'ஒரு பல் இலவசமாக எடுக்கப்படும்.' அதைப் படித்துவிட்டு நாத்தனார், "இது விழுந்தவன் நம்மளைத் தேடிட்டு வந்து அடிப்பான்" என்று சொல்லியிருந்தாள்.

மேசைக்கு முன்னால், வராந்தாத் தரையில், சாக்பீஸால் ஒரு பெரிய நீள்சதுரம் போட்டிருந்தது. அதன் நடுவில் குண்டு குண்டான எழுத்தில் 'ஸ்கூட்டர்' என்று எழுதியிருந்தது. எழுதியவள் பூனை.

பூனை அவளுடைய மகள். பதினொரு வயது. வீட்டில் அந்தப் பெயர் வைத்தது அந்தக் கண்ணுக்காக. எதையும் விடாமல், இமைக்காமல் பார்க்கும் கண். மற்றபடி சத்தத்தில் யானை. கதவை அவள் சாத்தினால் பக்கத்து வீட்டில் பாத்திரம் விழும். இரண்டு காதிலும் மெஷின் மாட்டியிருந்தாலும் அதில் அவளுக்கு வருவது பாதிச் சத்தம்தான். மீதியை உதட்டிலிருந்து எடுத்துக்கொள்வாள். அதனால் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசக் கூடாது. வாயைக் கையால் மூடக் கூடாது. நாத்தனார் இந்தச் சட்டத்துக்குப் பயந்து சாப்பிடும்போது பேசுவதையே விட்டுவிட்டாள். அந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அது என்று அவளுடைய அண்ணன் சொல்வான். முகத்தைத் திருப்பிக்கொண்டு எவராவது ஏதாவது சொல்லிவிட்டால் பூனை தோளைப் பிடித்து உலுக்கி, "பொய்!" என்பாள். முகம் காட்டாமல் சொன்னதெல்லாம் அவள் கணக்கில் பொய்.

இப்போது மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, கொடுத்தவர்களின் பெயரை அட்டைகளில் எழுதி நூல் கட்டிக்கொண்டிருந்தாள்.

பரிசு கேட்டுப் போவதற்கென்று பூனையின் அம்மா சில ஒழுங்குகள் வைத்திருந்தாள். கடை திறந்த உடனே போய் நிற்கக் கூடாது, முதல் வியாபாரம் முடியட்டும். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போகக் கூடாது, பசியில் இருக்கிறவருக்குக் கை நீளாது. நிற்கும்போது வாசலை மறைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: பொருள் கைக்கு வராமல் சீட்டில் அச்சடிக்கக் கூடாது. தருகிறேன் என்று சொல்வது ஒன்று, தருவது வேறொன்று. குக்கர் தருகிறேன் என்று சொன்ன பாத்திரக் கடைக்காரம்மா முதலில் கொடுத்தது ஒரு கரண்டி. அப்புறம் நாலு தடவை போய் வந்துதான் குக்கர் கிடைத்தது.

அந்தக் கடைசி ஒழுங்கைத்தான் அவள் மீறினாள்.

அச்சகத்தில் அன்றைக்குள் பட்டியல் வேண்டும் என்று நெருக்கினார்கள். முதல் பரிசுக்கு வண்டி தருவதாகத் தலையாட்டியிருந்த ஸ்கூட்டர் ஷோரூம்காரருக்குப் போன் செய்து, "சார், வண்டி முன்னாடியே வந்துட்டா அச்சடிக்க வசதியா இருக்கும்" என்றாள்.  "என் வார்த்தை மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்றார் அவர். கோபமே இல்லாத, வருத்தமான குரல். இவளுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. இலவசமாக ஸ்கூட்டர் தருகிற மனிதரிடம் ரசீது கேட்பதுபோல் கேட்டுவிட்டோமே என்று அவளே பதறி, "ஐயோ, அப்படி இல்ல சார்" என்று மூன்று தடவை சொன்னாள். போனை வைத்த கையோடு அச்சகத்துக்குச் சொல்லிவிட்டாள். ஆயிரத்து இருநூறு சீட்டிலும் மேலே, படத்தோடு, முதல் பரிசு ஸ்கூட்டர். கீழே, பரிசுக் குழு என்று போட்டு அவளுடைய பெயர். ஒரு சீட்டு மிச்சமில்லாமல் போனது. மக்கள் கடிகாரத்துக்காகவா வாங்கினார்கள்?

முந்தாநாளிலிருந்து ஷோரூமில் போன் எடுத்தவர்கள் எல்லாரும், "வந்துடும்மா, வந்துடும்" என்றார்கள். எப்போது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

"வராட்டி என்ன பண்ணுவீங்க அண்ணி?" என்றாள் நாத்தனார், இப்போது விளையாட்டு இல்லாமல்.

"வரும்."

"வராட்டி?"

"மேடைக்கு அடியில பூந்துக்கிறேன். போதுமா?"

பூனை நிமிர்ந்து அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சட்டென்று சிரித்துக் காட்டினாள். பூனை சிரிக்கவில்லை.

கடை கடையாக ஏறியபோதெல்லாம் பூனை கூடவே வந்தாள். பள்ளி விடுமுறை, வீட்டில் விட ஆளில்லை. முதல் நாளே ஒன்று தெரிந்துபோயிற்று. இவர்கள் வெளியே நிற்க, கடைக்காரர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போய்ப் பங்காளியிடமோ பெண்சாதியிடமோ பேசுவார். கதவு சாத்தியிருப்பதால் கேட்காது என்ற தைரியம். பூனைக்குக் கதவு ஒரு பொருட்டா? தெருவுக்கு வந்ததும் ஒப்பிப்பாள்: "'இவங்களுக்கு வேற வேலை இல்ல'னு சொன்னார்." "'அந்த ஒடைஞ்ச குடையைக் குடு'னு சொன்னாங்க." விடுபட்ட இடத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்வாள், ஆனாலும் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒரு துணிக்கடையில் உள்ளே போனவர், 'வந்துட்டாங்க பிச்சை எடுக்க' என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து வாயெல்லாம் பல்லாக இரண்டு போர்வை கொடுத்தார். தெருவில் பூனை அதைச் சொன்னதும் இருவரும் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு நடக்கையில் அவளுக்கு நெஞ்சு கனத்தது. அவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழாமல் நான் பரிசை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். இவள் ஒன்றையும் தவறவிடுவதில்லை.

ஷோரூமில் மட்டும் அப்படி ஒன்றும் இல்லை. அவர் பூனைக்கு நாற்காலி போடச் சொன்னார். ஜூஸ் வந்தது. பூனையின் காதில் இருந்த மெஷினைக் குனிந்து பார்த்து, "இதை மாட்டலன்னா ஒண்ணுமே கேக்காதா?" என்று விசாரித்தார். பிறகு கண்ணாடி அறைக்குள் போய் மேனேஜரிடம் ஏதோ பேசினார். வெளியே வந்து தலையாட்டினார். ஒரு தலையாட்டலில் ஒரு ஸ்கூட்டர். தெருவுக்கு வந்ததும் அவள் மகளைக் கேட்டாள்: "உள்ள என்ன பேசினார்?"

பூனை ஜூஸ் ஒட்டிய வாயைத் துடைத்துக்கொண்டாள். "தெரியல. மீசை மறைச்சிடுச்சு."

அவளும் அதை அதோடு விட்டுவிட்டாள்.

இரண்டு மணிக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பின்னால் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே ஒரு புதுச் சக்கரம் தெரிந்தது. "அண்ணி!" என்று நாத்தனார் கத்தினாள். அவள் மூன்று நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. பூனை ஓடிப்போய்ச் சாக்பீஸ் கோட்டை ஒரு பக்கம் அழித்துக் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

வேனுக்குப் பின்னால் வந்த காரிலிருந்து ஷோரூம்காரர் இறங்கினார். கூடவே வீடியோ கேமராவோடு ஒருவர். ஷோரூம்காரர் எல்லாரையும் பார்த்துக் கை கூப்பினார்.

"சொன்னேன்ல? நம்மகிட்ட சொன்னா சொன்னதுதான்."

"ரொம்ப நன்றி சார். இறக்கச் சொல்லட்டுமா?"

"இறக்கலாம், இறக்கலாம். வண்டி எங்க ஓடிப் போகப் போகுது? மொதல்ல நிகழ்ச்சியப் பத்தி ரெண்டு வார்த்தை பேசிடுவோம். டீச்சர் ரூம் எது?"

பெரிய டீச்சரின் அறைக்கு வராந்தாவைப் பார்த்தாற்போல் ஒரு அகலமான கண்ணாடி ஜன்னல். பிள்ளைகள் விளையாடும்போது ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவரே போட்டது. ஷோரூம்காரர் அந்த ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். எதிரில் பெரிய டீச்சர். இவள் பக்கவாட்டில் ஒரு முக்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"இப்ப எப்படிப் பண்றோம்னா," என்று அவர் தொடங்கினார், "சாவி குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம். உங்க பாப்பா மேடைக்கு வரா. காதுல மெஷின் கிடையாது, கழட்டிடணும். ஜனங்களைப் பார்த்து நிக்கறா. நான் வண்டியில உட்கார்ந்து அவ பின்னாடி ஹாரன் அடிக்கிறேன். அவ திரும்ப மாட்டா. இன்னொரு தடவை அடிக்கிறேன், விடாம. திரும்ப மாட்டா. கூட்டம் அப்படியே அடங்கிடும். அப்ப நான் இறங்கி வந்து என் கையால மெஷினை மாட்டி விடறேன். திரும்பவும் ஹாரன். டக்குனு திரும்புவா. சாவி. கைதட்டல். கேமரா எல்லாத்தையும் எடுத்துடும். அடுத்த மாசம் நம்ம புதுக் கிளை திறக்கறோம், அங்க பெரிய திரையில போடறோம். நாலு பேர் பார்த்தா நாப்பது பேர் உங்களுக்குக் குடுக்க வருவான்."

அவர் முகத்தில் கபடம் ஏதும் இல்லை. இப்போதே அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டவர்போல் கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது. அவள் அவரையே பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள். அவருக்கு மீசை இருந்தது, இல்லையென்று இல்லை. உதட்டுக்கு மேலே பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு மெல்லிய கோடு. அதற்குக் கீழே உதடு இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. ஒவ்வொரு சொல்லும் படிக்கிற மாதிரி.

அன்றைக்கு நான் இவர் முகத்தையா பார்த்தேன்? தலை மேலும் கீழுமாக ஆடுகிறதா, பக்கவாட்டில் ஆடுகிறதா என்பதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீசை எதையும் மறைக்கவில்லை. பூனைக்கு அன்றைக்கே தெரியும்.

 ஒரு பதினொரு வயசுப் பிள்ளை இத்தனை நாளாக இதை உள்ளேயே வைத்துக்கொண்டு அட்டை எழுதி, நூல் கட்டி, தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சார்," என்றாள்.  "அவ மேடையில நன்றி சொல்லுவா சார். நல்லாப் பேசுவா. நாலு வரி மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கா. அதுக்குத்தான் தினம் பயிற்சி எடுக்கறா."

"அது வேணாம்மா." அவர் அவளுக்குப் புரியவைக்க விரும்பினார், அதனால் குரலை இன்னும் மென்மையாக்கிக்கொண்டார். "நல்லாப் பேசற பிள்ளையைப் பார்த்தா யாருக்கு இரக்கம் வரும்? இதுக்கு எதுக்குத் தனியா ரூமுன்னு கேட்டுட்டுப் போயிடுவான்."

பெரிய டீச்சர் பேனா மூடியைக் கழற்றி, மூடி, கழற்றினார். மேசைக் கண்ணாடிக்கு அடியில், அந்தச் சத்தம் புகாத அறையின் வரைபடம் மஞ்சளாகிக் கிடந்தது. அவர் அதைப் பார்க்காமலிருக்க முயன்றுகொண்டிருந்தார்.

"அஞ்சு நிமிஷம்தானேம்மா" என்றார் கடைசியில். அவள் பக்கம் திரும்பவில்லை. "பிள்ளைங்க அதையெல்லாம் மனசுல வெச்சுக்காது. இப்ப வெளையாடும், அடுத்த நிமிஷம் மறந்துடும்."

டீச்சர், உங்களுக்கா தெரியாது?

மூன்று வருஷத்துக்கு முன்னால், மெஷின் இலவசமாகக் கொடுத்த ஒரு விழாவில், இதே மாதிரி ஒரு மேடை. பூனைக்கு எட்டு வயது. கூட்டத்தைப் பார்க்க நிற்க வைத்து, பின்னால் ஒருவர் தட்டையும் கரண்டியையும் வைத்து அடித்தார். பிள்ளை சிரித்த முகமாகக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் 'உச்' கொட்டியது. முன் வரிசையில் சிலர் சிரித்தார்கள். பிறகு மெஷினை மாட்டி அடித்தபோது பூனை தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். எல்லாரும் கைதட்டினார்கள். இவளும் தட்டினாள். உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். இலவசமாகக் கிடைத்ததே என்று.

அந்த வாரம் கண்ணாடிக்கு முன்னால் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது பூனை கேட்டாள்: "அன்னிக்கு எல்லாரும் ஏன் என்னையப் பார்த்துச் சிரிச்சாங்க? எனக்குப் பின்னாடி என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றாள் இவள். ரிப்பன் எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். அன்றைக்குப் பூனை தோளை உலுக்கவில்லை. பொய் என்று சொல்லவில்லை.  அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

"என்னம்மா யோசனை?" ஷோரூம்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் யாரையும் கட்டாயப்படுத்தற ஆள் இல்ல. வேணாம்னா வண்டி வந்த வழியே போயிடும். எனக்கு ஒண்ணும் நட்டமில்ல. சீட்டுல இருக்கறது உங்க பேருதான், என் பேரு இல்ல. அதை நினைச்சுத்தான் சொல்றேன். நாளைக்கு உங்களை யாரும் ஏமாத்துக்காரின்னு சொல்லிடக் கூடாது பாருங்க."

'சரிங்க' என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. கூப்பிடாமலே வந்தது. இத்தனை வருஷமாக அது ஒன்றுதான் அந்த வாய்க்குப் பழக்கம். சரிங்க சார். சரிங்க மாமா. சரிங்க டீச்சர். ஐந்து நிமிஷம். ஆயிரத்து இருநூறு பேர். பதினொரு வருஷத்து வரைபடம். தராசின் அந்தத் தட்டில் இத்தனையும் ஏறி உட்கார்ந்திருக்க, இந்தத் தட்டில் என்ன இருக்கிறது? ஒரு பிள்ளையின் முதுகு. அதுவும் அந்தப் பிள்ளையே ஒன்றும் சொல்லவில்லையே. மீசை மறைத்தது என்று சொன்னாள் என்றால், சம்மதம் என்றுதானே அர்த்தம்? அவளுக்கே பரவாயில்லை என்னும்போது நடுவில் நான் யார்?

இப்படி நினைத்த அந்தக் கணத்தில் அவள் தன்னைப் பார்த்தே பயந்தாள். அச்சகத்துக்குப் போன் செய்த அதே அவசரம் இது. அதே கூச்சம். பேசிக்கொண்டிருப்பது அதே வாய்.

ஜன்னலைப் பார்த்தாள்.

பூனை மேசையோரத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. ஷோரூம்காரரின் வாயையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையிலிருந்த அட்டையை மேசையில் வைத்தாள். வலது காதுக்குக் கையைக் கொண்டுபோனாள். மெஷினைக் கழற்றினாள். இடது காதிலிருந்ததையும் கழற்றினாள். சட்டைப் பையிலிருந்த மஞ்சள் டப்பாவைத் திறந்து, இரண்டையும் அதனதன் குழியில் வைத்து, மூடியை அழுத்தி மூடி, நாத்தனாரின் கையில் கொடுத்தாள். நாத்தனார் ஏதோ கேட்டாள். பூனை நடந்துபோய்ச் சாக்பீஸ் கட்டத்துக்குள், 'ஸ்கூட்டர்' என்று எழுதியிருந்த இடத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கால் இரண்டும் சேர்ந்திருந்தன. கை இரண்டும் பக்கவாட்டில் விறைத்திருந்தன. எப்படி நிற்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை.

"பார்த்தீங்களா!" ஷோரூம்காரர் மலர்ந்துபோய் ஜன்னலைக் காட்டினார். "சூட்டிகையான பிள்ளை. உங்களைவிட அவளுக்கு விவரம் இருக்கு."

அவள் எழுந்தாள். முக்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பெரிய டீச்சர், "அம்மா, கொஞ்சம் இரு..." என்றார். அவள் நிற்காமல் வராந்தாவுக்கு வந்தாள்.

"அண்ணி, என்ன ஆச்சு இவளுக்கு? கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறா..." என்றாள் நாத்தனார். அவள் கையிலிருந்து மஞ்சள் டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

பின்னாலிருந்து தொட்டால் பூனை திடுக்கிடுவாள். அதனால் சுற்றிக்கொண்டு போய் அவளுக்கு எதிரே வந்து, கோட்டுக்கு உள்ளே மண்டியிட்டாள். புடவையில் சாக்பீஸ் தூள் ஒட்டியது. பூனை அம்மாவைப் பார்த்தாள். கண்ணில் அழுகை இல்லை. தேர்வுக்குப் போகிறவள் மாதிரி ஓர் உறுதி. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் நிக்கறேன்" என்றாள் பூனை. மெஷின் இல்லாததால் குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. வேனிலிருந்த டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். "நீ மேடைக்கு அடியில போவேன்னு சொன்ன. அத்தைகிட்ட சொன்ன. வேணாம்மா. நான் நிக்கறேன். பின்னாடி ஹாரன்தானே? எனக்குக் கேக்கவே கேக்காது."

 அவள் டப்பாவைத் திறந்து வலது காதுக்கு உரியதை எடுத்தாள். காதைச் சற்றுப் பின்னால் இழுத்து, மெஷினின் அச்சைக் காதுக் குழிக்குள் பொருத்தி, மெல்ல அழுத்தினாள். பிறகு இடது காது. பூனை தடுக்கவில்லை; குழம்பிப்போய் அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"அன்னிக்குக் கேட்டியே," என்று அவள் மகளிடம் மட்டும், உதட்டை நன்றாகத் திறந்து சொன்னாள், "பின்னாடி என்ன இருந்துச்சுன்னு. ஒரு ஆள் தட்டுல கரண்டியால அடிச்சார். உனக்குக் கேக்கலன்னு எல்லாருக்கும் காட்டறதுக்கு. நானும் கை தட்டினேன். ஒண்ணுமில்லன்னு உன்கிட்ட சொன்னது பொய்."

 "தெரியும்" என்றாள் பூனை. இந்த முறை குரல் சரியான அளவில் வந்தது.

அதற்குள் ஷோரூம்காரர் வராந்தாவுக்கு வந்துவிட்டார். பின்னால் பெரிய டீச்சர். வேனுக்குப் பக்கத்தில் இரண்டு ஆட்கள் கயிற்றின் முடிச்சில் கை வைத்தபடி, இறக்கச் சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேமராக்காரர் ஒரு தூணில் சாய்ந்து கொட்டாவி விட்டார்.

"என்னம்மா இது, மாட்டி விட்டுட்டீங்க? ஒரு தடவை ஒத்திகை பார்த்துடலாம்னு நெனச்சேன்." அவருடைய குரல் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. இப்போது அதில் ஒரு நெருடல் இருந்தது. "நேரமாகுது. ஒரே பேச்சா சொல்லிடுங்க. வண்டியை இறக்கவா, வேணாமா?"

பெரியவர்கள் பேசும்போது முதுகைக் காட்டுவது மரியாதை இல்லைதான். எழுந்து திரும்பி, அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். திரும்பினால் பூனைக்கு உதடு தெரியாது. அவள் திரும்பவில்லை. மகளின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் வாயில் விழும்படி முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினாள்.

"நாலு மணிக்கு நானே மேடையில ஏறி, வண்டி இல்லன்னு சொல்லிக்கறேன் சார். சீட்டைத் திருப்பித் தரணும்னு நினைக்கறவங்க தரட்டும். என்னைத் திட்டணும்னா திட்டட்டும்."

"அட, யோசிச்சுப் பேசுங்கம்மா..."

"யோசிச்சுட்டேன் சார்."

அவள் சத்தம் போடவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, ஒன்றையும் விழுங்காமல் சொன்னாள். பூனையின் கண் அந்த உதட்டைவிட்டு நகரவில்லை.

"வேண்டாம். என் பொண்ணு முதுகைக் காட்டி நிக்க மாட்டா."